சத்தம் வராத பட்டன்

எதைக் கண்டாலும் அதற்கு ஓர் உறை தைக்காவிட்டால் முகைதீனுக்குக் கை நமநமக்கும். டிவி ரிமோட்டுக்கு உறை, ரேஷன் கார்டுக்கு உறை, மூக்குக் கண்ணாடிக்கு உறை. "இந்த வீட்ல உறை இல்லாமத் திரியுதது நாம மூணு பேருந்தான்" என்று அவர் மனைவி மதீனா பீவி கேலி செய்வாள். மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கீழே அவருடைய பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் வீடு. பட்டறையில் பெண்களுக்கான தோல் கைப்பைகள் தைக்கிறார்கள். ஆகவே, மகள் சஃபீனாவுக்கு இன்சுலின் பம்ப் வரப்போகிறது என்று கேட்டதும் அந்த மனிதர் முதலில் யோசித்தது அது எப்படி வேலை செய்யும் என்பதை அல்ல. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்கும் என்பதைத்தான்.

சஃபீனாவுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை அல்ல. உடம்பில் இன்சுலினே ஊறாது, வேளைக்கு ஊசி போட்டால்தான் உயிர். இப்போது பி.காம். முடித்து விக்ரோலியில் ஒரு கூரியர் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். இத்தனை வருஷமும் அவள் ஊசி போட்டுக்கொண்டது கழிவறைகளில். பள்ளிக்கூடத்துக் கழிவறை, கல்யாண மண்டபத்துக் கழிவறை, இப்போது ஆபீஸ் கழிவறை. ஏனென்றால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. முகைதீன் தெரியவிடவில்லை. பெண்பிள்ளை, நாளைக்கு ஓர் இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் நியாயம். "அவளுக்கு இனிப்புன்னா பிடிக்காது" என்று மொத்த வீடும் ஒரே குரலில் சொல்லிப் பழகியிருந்தது. இன்சுலின் குப்பிகள் பிரிட்ஜில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் குடியிருந்தன.

சமீபமாக அவளுக்குச் சர்க்கரை திடீர் திடீரென்று இறங்கியது. ஒருநாள் குர்லா ஸ்டேஷன் மேம்பாலத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு மராத்திக்கார அம்மாள் வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் டாக்டர், ஊசி போதாது, பம்ப் வைக்கலாம் என்றார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலுக்குள் நுழையும். இரவும் பகலும் இன்சுலின் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். அதை வாங்கித்தர ஓர் அறக்கட்டளை இருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். முதலில் பம்பில் இன்சுலினுக்குப் பதில் உப்புத் தண்ணீர் நிரப்பிக் கட்டிவிடுவார்கள். அதைப் பழுதில்லாமல் வைத்துப் பழகிக் காட்டினால் பம்ப் அவளுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு.

பம்ப் பழக்குவதற்காகச் செம்பூர் ஆஸ்பத்திரியில் கீதா மேடம் என்று ஒருவர் இருந்தார். தமிழ்க்காரர் என்பதால் முகைதீனுக்குத் தெம்பாக இருந்தது. வீட்டிலிருந்து ஒருவர் கூட வரவேண்டும் என்று சொல்லியிருந்ததால் வேலையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கீதா மேடம் மகளுக்குக் குழாய் மாட்டக் கற்றுக்கொடுத்தார், காற்றுக் குமிழி பார்க்கக் கற்றுக்கொடுத்தார், எதெல்லாம் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னார். குளிக்கும்போது கழற்ற வேண்டும், ஸ்கேன் எடுக்கும்போது கழற்ற வேண்டும், வெயிலில் வைக்கக்கூடாது, காந்தம் கிட்டே போகக்கூடாது. முகைதீன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் விரிந்து பெட்டியின் அளவைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலமே பை தயாராகிவிட்டது. கறுப்பு ஆட்டுத்தோல், உள்ளே மெத்தென்ற துணி, குழாய் வெளியே வர ஓர் ஓட்டை, இடுப்பில் கட்ட மெல்லிய வார். மூடிக்கு என்ன பட்டன் போடுவது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தார். பிரஸ் பட்டன் என்றால் திறக்கும்போது டிக்கென்று சத்தம் வரும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இன்னும் மோசம், கிழிகிற மாதிரி சத்தம். நாலு பேர் நடுவில் பிள்ளை அதைத் திறந்தால் என்ன அது என்று திரும்பிப் பார்ப்பார்கள். கைப்பைகளுக்குப் போடுகிற மேக்னட் பட்டன் பெட்டி நிறைய இருந்தது. தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே வைத்துத் தைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மூடி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், ஈ பறக்கிற சத்தம்கூட வராது. துப்பட்டாவுக்குள் கைவிட்டு வேலையை முடித்துவிடலாம்.

சஃபீனா பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து முகைதீன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மூடியைத் திறந்து கையை எடுத்தாள். அது போய் ஒட்டிக்கொண்டது.

"வாப்பா, இதுல காந்தம் ஏதும் இல்லையே? கீதா மேடம் சொன்னாவல்லா."

மேடம் சொன்னது முகைதீனுக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் பையோ தைத்து முடித்தாயிற்று. பிரித்தால் ஆட்டுத்தோலில் ஓட்டைகள் தெரியும், அழகு போய்விடும். மேடம் சொன்னது ஸ்கேன் மிஷினில் இருக்கிற யானைக்காந்தத்தையாக இருக்கும், ஒரு பொட்டளவு பட்டன் என்ன செய்துவிடும் என்று அவருக்கு அவரே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார்.

"காந்தமா? அது ஸ்பிரிங் பட்டன்ளா. இப்ப புதுசா வந்துருக்கு."

பட்டன் விஷயத்தில் வாப்பாவை யார் சந்தேகப்படுவார்கள். சஃபீனா பையை இடுப்பில் கட்டிப் பார்த்தாள். "இவ்வளவு ஜோரா இருக்கே, டிரெஸ்ஸுக்கு மேலயே போட்டுக்கிடலாம் போலருக்கு."

"உள்ள போட்டுக்கோ. தோலு அழுக்காயிரும்" என்றார் முகைதீன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சஃபீனா உப்புத் தண்ணீர் பம்பைக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள், ஆபீஸ் போனாள், தூங்கினாள். கூடவே வழக்கமான ஊசியும் போட்டுக்கொண்டாள். "கட்டியிருக்கறதே தெரியல உம்மா. நெசமாவே இன்சுலின் போட்டுட்டா, பொறவு கக்கூசுல போயி நிக்க வேண்டாம்" என்று தாயிடம் சொல்லிச் சிரித்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் முகைதீனுக்குப் பாதி சந்தோஷம், மீதி கிலி. ராத்திரி பையை அவளைக் கேட்காமல் எடுத்துப் பட்டனை மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏணியில் அவள் ஏறி வந்த சத்தமே சரியில்லை. பம்ப் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. திரையில் மோட்டார் பழுது என்று இங்கிலீஷில் வந்திருந்தது. கீதா மேடத்துக்குப் போன் செய்து, அவர் சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தும் அது அடங்கவில்லை. கடைசியில் பாட்டரியைக் கழற்றி அதன் வாயை மூடினார்கள்.

"என்னளா பண்ணித் தொலைச்ச?" மதீனா பீவி கத்தினாள். "ஓசியில குடுத்தா அருமை தெரியாதோ? கீழ போட்டியா? தண்ணி பட்டுச்சா?"

"கீழல்லாம் போடல உம்மா." சஃபீனா அழுதாள். "காலைல குர்லாவுல கூட்டம் நெட்டித் தள்ளுச்சு. ரயில்ல லேடீஸ் டப்பாவுல அந்தக் கம்பியில இடிச்சி நசுங்குனேன். அதுலதான் போயிருக்கும். என் தப்புதான்."

மூலையில் உட்கார்ந்திருந்த முகைதீன் வாயைத் திறந்தார். அதற்குள் சஃபீனா அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்க வாப்பா. நீங்க எவ்வளவு அழகா பை தைச்சுக் குடுத்தீய. நாந்தான் பத்திரமா பாத்துக்கிடல."

முகைதீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கீழே பட்டறைக்கு இறங்கினார். வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். ஏதோ ஒரு நப்பாசையில் அந்தப் பையை, தையல் ஊசிகள் கிடந்த தட்டின் மேலே கொண்டுபோனார். ஊசிகள் துள்ளி வந்து தோலில் ஒட்டிக்கொண்டன. எலும்புத்துண்டைக் கண்ட நாய்க்குட்டிகள் மாதிரி. முகைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன்மேல் அவருக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை. பிள்ளை வாய்விட்டுக் கேட்டாள். கண்ணுக்கு நேராகப் பொய் சொன்னோம். இப்போது அவள் தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள். அந்தி நேரத்து மஃரிப் தொழுகையில் நின்றார்; ஓதியது வாய், மனசு பையில்.

சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் கேட்கலாம். மெஷினைக் கெடுத்தேன் என்று சொல்வது அவருக்குப் பெரிதில்லை. காந்தப் பட்டன் ஏன் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் சஃபீனாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். வாப்பா ஆசையாகப் பை தைத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாப்பா வெட்கப்பட்டுத் தைத்தார் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவளுக்குப் பம்ப் இல்லை. சொன்னால் அவளுக்கு இப்போது இருக்கிற வாப்பா இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து விடியும்வரை புரண்டார்.

மறுநாள் காலையில் மகளுடன் செம்பூருக்குப் போனார். கீதா மேடம் பம்பை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மோட்டார்தான் போயிருக்கு. எங்கேயாவது ஸ்கேன், எக்ஸ்ரே ரூம் பக்கம் போனியாம்மா?"

"இல்ல மேடம்."

"காந்தம் ஏதாவது?"

"இல்ல மேடம். ட்ரெயின்ல இடிச்சுது. அதான்."

"இடிச்சா இப்படி ஆகறதில்லையே." அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் குரலில் கடுமை இல்லை. அதுதான் முகைதீனுக்குத் தாங்கவில்லை. "பாரும்மா, சில பேருக்கு பம்ப் செட் ஆகாது. ரயில், கூட்டம், அலைச்சல், உன் வாழ்க்கை அப்படி. ஊசியிலேயே இருக்கலாம், அதுல ஒரு குறையும் இல்லை. உனக்கு வரவேண்டிய பம்பை அடுத்தவாளுக்குக் கொடுத்துடறேன். கொஞ்ச நாள் போகட்டும், மறுபடி பார்க்கலாம். சரியா?"

"சரி மேடம்" என்றாள் சஃபீனா. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. கழிவறைக்கே திரும்பிப் போகிறேன் என்று அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டாள். இடம் கொடுக்காத இடத்தில் ஒதுங்கி நின்று அவளுக்குப் பழகிவிட்டது. பழக்கியது யார் என்று முகைதீனுக்குத் தெரியும்.

"காந்தம் இருந்துச்சு மேடம்" என்றார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முகைதீன் பையை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த மூடிக்குள்ள இருக்கு. தோலுக்கு அடியில வச்சித் தைச்சிருக்கேன். அவ கேட்டா, காந்தம் இல்லையேன்னு. இல்லைன்னு பொய் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

கீதா மேடம் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். "அடடா. பெரிய காந்தமாவே இருக்கே. நான் அன்னிக்கே சொன்னேனே, உங்களை வச்சிண்டுதானே சொன்னேன்."

"சொன்னீங்க. நான் காது குடுக்கல."

"சாதாரண பிரஸ் பட்டன் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே. அது கிடைக்கலையா?"

"இருக்கு. நெறைய இருக்கு." முகைதீன் மேஜையின் விளிம்பைத் தேய்த்தார். "தெறந்தா டிக்குனு சத்தம் வரும் மேடம்."

"வந்தா என்ன?"

அவரால் மேடத்தின் முகத்தைப் பார்க்க முடிந்தது. மகள் பக்கம் திரும்ப முடியவில்லை. "யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இவளுக்கு சுகர் இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

கீதா மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து இன்னொரு பம்பை எடுத்தார். காரணம் தெரிந்துவிட்டதால் சஃபீனா பெயரை நீக்க வேண்டியதில்லை, அறக்கட்டளைக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். மறுபடியும் உப்புத் தண்ணீர், மறுபடியும் முதலிலிருந்து. சஃபீனா தானே குழாயை நிரப்பி, குமிழி பார்த்து, வயிற்றில் மாட்டிக்கொண்டாள். "நீ ஜம்முனு பண்றே" என்றார் மேடம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கிளிப்பில் பம்பைச் செருகிக் கொடுத்தார். தோல்பை மேஜையிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் சஃபீனா பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இடம் காலியான பிறகும் முகைதீன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சுன்னாபட்டி தாண்டும்போது குனிந்து சொன்னார். "வாப்பா மேல கோவமாளா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "மிஷின் கெட்டதுக்குக் கோவம் இல்ல. நான் ஆபீசுல எல்லார்ட்டயும் அந்தப் பையைக் காட்டுனேன் வாப்பா. எனக்கு டயபடிஸ், இது பம்ப், இது எங்க வாப்பா எனக்காகத் தைச்சதுன்னு. மொத மொத வெளிய சொன்னேன். நீங்களே பை தைச்சுக் குடுத்தாச்சு, இனி சொல்லலாம்னு நெனச்சிட்டேன்."

முகைதீனுக்கு அங்கேயே பஸ்ஸைவிட்டு இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

பட்டறைக்கு வந்தபோது தையல் மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டூலில் மன்சூர் அலி டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சந்தில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர், மேலப்பாளையத்துக்காரர், முகைதீனின் பழைய சிநேகிதர். அவருடைய தம்பி மகன் தாணேயில் வேலை பார்க்கிறான். அந்தப் பையனுக்குச் சஃபீனாவைக் கேட்கலாம் என்று ரம்ஜானுக்கு முன்பே ஒரு பேச்சு விட்டிருந்தார். முகைதீன் இப்போது பட்டன் வரைக்கும் யோசித்து மூடி மறைத்தது எல்லோரையும்விட இந்த மனிதருக்காகத்தான்.

"எங்கவே போயிட்ட காலங்காத்தால?" என்றவர் சஃபீனாவைப் பார்த்தார். அவள் பம்பை உள்ளே செருகவில்லை. குர்தாவுக்கு வெளியே, இடுப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி கிளிப் போட்டிருந்தாள். குழாய் குர்தாவின் ஓரத்தில் நுழைந்து மறைந்தது. "அது என்னம்மா இடுப்புல? புது மொபைலா?"

ஆமா மாமா என்று அவள் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் முகைதீன் நம்பினார். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார். சஃபீனா வாப்பாவைத்தான் பார்த்தாள்.

"சுகருக்கு உள்ள மிஷின்" என்றார் முகைதீன்.

"என்னது?" மன்சூர் அலி காதுக்குப் பின்னால் கையை வைத்தார். மிஷின்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க வாப்பா" என்றாள் சஃபீனா.

முகைதீன் சுவர் ஓரமாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மிஷின்கள் நின்றன. வேலையாட்கள் கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை முகங்களும் அவர் பக்கம் இருந்தன.

"எம்மவளுக்கு சுகர். பதினோரு வயசுலருந்து இருக்கு. தெனமும் ஊசி போடுதா. இது இன்சுலின் பம்ப். ஒங்ககிட்டயும் ஊருகிட்டயும் சொல்லாம நாந்தான் மறைச்சேன். தம்பி மவனுக்கு இனி நீங்க யோசிச்சுக்கோங்க."

மன்சூர் அலி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று முகைதீன் எதிர்பார்த்தார். போனாலும் குற்றம் சொல்ல முடியாது. அவரோ சஃபீனாவின் இடுப்பில் இருந்த பெட்டியையும் குழாயையும் குனிந்து பார்த்தார். சம்பந்தத்தைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

"தெனமுமா?" என்றார். "அந்தச் சின்ன வயசுலருந்தா? ரொம்ப வலிக்குமாம்மா?"

கீதா மேடம் முன்னால் அழாத சஃபீனா, பஸ்ஸில் அழாத சஃபீனா, வேலையாட்கள் எல்லோரும் பார்க்க முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு விம்மினாள். இல்லை மாமா, பழகிருச்சு மாமா என்று திணறித் திணறிச் சொன்னாள். முகைதீன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஊர்வாய்க்குப் பயந்து அவளை இத்தனை வருஷம் மூடி வைத்தார். அந்த ஊரில் முதல் ஆள் கேட்ட கேள்வி இதுதான். தான் ஒருநாளாவது அவளிடம் இதைக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை.